மூச்சு வாங்க மேலே வரவேண்டாம், சத்தம்தான் வரக்கூடாது!

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பலிபீடத்துக்கு ஏறும் சின்னச் சின்னக் கல்படிகளைத் தட்டினால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஸ்வரத்தில் ஒலிக்கும். பாதுகாப்புக்காக இப்போது சுற்றிலும் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜராஜ சோழன் காலத்தில் வேலை செய்த அந்தச் சிற்பிக்கு, எந்தக் கல்லை எந்தக் கனத்தில் வைத்தால் என்ன சத்தம் வரும் என்பது அத்துப்படி.

இதே வித்தையைத் தலைகீழாகச் செய்ய உலகத்தின் பெரிய நாடுகள் 70 வருஷமாகக் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த இரும்பை எப்படி வைத்தால் சத்தமே வராது? அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பலின் மொத்த வடிவமைப்பும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். இந்தியாவும் இப்போது இந்த ஆட்டத்தில் இறங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில், இப்படி இரண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கட்ட மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் கொடுத்தது. செலவு சுமார் 40,000 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. முதல் கப்பல் 2036-37-ல்தான் வரும் என்று அந்த வருஷம் டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் தினேஷ் திரிபாதி சொன்னார்.

இரண்டு கப்பல், இவ்வளவு பணம், பன்னிரண்டு வருஷம். அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்ளே?

டீசலா, அணுவா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'அணு நீர்மூழ்கி' என்றதும் அணுகுண்டு ஞாபகம்தான் வரும். அணு ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் பதுங்கியிருப்பது ஒரு வகை. நம்மிடம் இருக்கும் அரிஹந்த், அரிகாத் இரண்டும் அந்த ரகம். அவற்றின் வேலை ஒளிந்திருப்பது. இன்று பார்க்கப்போவது வேறு ரகம். எதிரிக் கப்பலையும் எதிரி நீர்மூழ்கியையும் தேடிப் பிடித்து, வாரக்கணக்கில் பின்தொடர்ந்து, தேவைப்பட்டால் அடிக்கிற வேட்டைக்காரன். இதற்கு அணு என்பது எஞ்சினில்தான். அடிக்கும் ஆயுதம் டார்பிடோவும் சாதாரண ஏவுகணையும்.

எஞ்சினுக்கு எதற்கு அணு? மூச்சுக்காக.

டீசல் எஞ்சின் எரியக் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் சாதாரண நீர்மூழ்கி அடியில் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி இறங்கினால் கிட்டத்தட்ட மேல்மட்டத்துக்கு வந்து, குழாயை மட்டும் வெளியே நீட்டி, காற்றை இழுத்து டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் பேட்டரி நாள்கணக்கில் வரும். முழு வேகத்தில் விரட்டினால் சில மணி நேரத்தில் காலி. கேம் விளையாடினால் போன் சார்ஜ் இறங்குகிற மாதிரிதான். மும்பையில் கட்டப்பட்ட நம் ஆறு கல்வரி ரகக் கப்பல்களும் (கடைசிக் கப்பல் வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது) இந்த டீசல் ரகம்தான்.

அணு உலைக்குக் காற்று தேவையில்லை. யுரேனியம் பிளக்கும்போது வரும் வெப்பம் போதும். வீட்டில் பால் குக்கர் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுவருக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பாலுக்குப் போகும், ஆனால் தண்ணீரும் பாலும் கலக்காது. நீர்மூழ்கியின் உலையும் ஏறக்குறைய அப்படித்தான். உலைக்குள் சுற்றும் தண்ணீர் கடும் அழுத்தத்தில் இருப்பதால் 300 டிகிரியைத் தொட்டாலும் கொதிக்காது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, தனிக் குழாயில் ஓடும் வேறு தண்ணீர் ஆவியாகிறது. ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் கப்பலைத் தள்ளுகிறது. கதிரியக்கம் பட்ட தண்ணீர் உலைப் பகுதியைத் தாண்டி வெளியே வராது.

குடிதண்ணீர்? கடல்நீரைக் காய்ச்சி எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸிஜன்? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் கிடைக்கும். அமெரிக்காவின் விர்ஜீனியா ரகக் கப்பலில் ஒருமுறை போட்ட எரிபொருள் 33 வருஷம் வரும்; கப்பலின் ஆயுளே அவ்வளவுதான். பிரிட்டனின் அஸ்டியூட்டுக்கு 25 வருஷம். பிரான்ஸ் மட்டும் மின் நிலையங்களில் பயன்படுத்துகிற மாதிரியான, செறிவு குறைந்த யுரேனியத்தைப் போடுகிறது. செலவும் சிக்கலும் குறைவு; ஆனால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

அப்படியானால் கப்பலை வீட்டுக்குத் திரும்ப வைப்பது எது? சாப்பாடு. பிரான்ஸின் சுஃப்ரனில் 70 நாளைக்கான உணவுதான் ஏற்ற முடியும். அணுவைப் பிளந்து பத்து வருஷத்துக்கு எரிபொருள் போட்டாகிவிட்டது, அரிசியும் பருப்பும் தீர்ந்தால் கரைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

கல்பாக்கத்தில் ஒரு கப்பல், கடலில் இல்லை

இந்தியாவின் நீர்மூழ்கி அணு உலை முதலில் ஓடியது தமிழ்நாட்டில்தான், அதுவும் தரையில். கல்பாக்கத்தில் ஒரு கட்டடத்துக்குள், நீர்மூழ்கியின் எஞ்சின் பகுதியை அப்படியே அதன் அளவிலேயே கட்டினார்கள். 2003 நவம்பரில் உலை உயிர்பெற்றது. 2006 செப்டம்பரில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அப்படி ஒன்று அங்கே இருக்கிறது என்பதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியதே 2009 ஆகஸ்ட்டில்தான், விசாகப்பட்டினத்தில் அரிஹந்தைக் கடலில் இறக்கிய சில நாள்களுக்குப் பிறகு. பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியாமலே அங்கே ஒரு பாதிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, உலை கைவசம் இருக்கிறதே, அதையே வேட்டைக் கப்பலிலும் பொருத்தினால் என்ன? நியாயமான கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது. அரிஹந்தின் உலை 83 மெகாவாட் வெப்பம் தரும். ஒளிந்திருப்பவனுக்கு அது போதும். துரத்துகிறவனுக்குப் போதாது. தண்ணீருக்குள் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். தண்ணீரின் எதிர்ப்பு அப்படி. முழங்கால் தண்ணீர் நிற்கும் நடவு வயலில் நடந்தவர்களுக்குப் புரியும். ஓடிப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

ரஷ்யாவிடமிருந்து நாம் குத்தகைக்கு எடுத்து ஓட்டிய ஐ.என்.எஸ். சக்ராவில் 190 மெகாவாட் உலை இருந்தது. அது சுற்றும் தண்டில் கிடைப்பது சுமார் 43,000 குதிரைத்திறன். டெல்டாவில் உழவு ஓட்டும் 50 குதிரைத்திறன் டிராக்டர்கள் 860-ஐ ஒரே கப்பலில் பூட்டிய கணக்கு. அதனால்தான் 8,000 டன் எடையுள்ள அந்தக் கப்பல் தண்ணீருக்கடியில் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு டவுன் பஸ்கூட அந்த வேகத்தில் போவதில்லை.

முழு வேகம்கூட வேண்டாம். மணிக்கு 37 கிலோமீட்டரில் நிதானமாகப் போனாலே நாகப்பட்டினம் கடலிலிருந்து மலாக்கா நீரிணையின் வாசலுக்கு இரண்டே நாள், ஒருமுறைகூட மேலே வராமல். 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்குப் போனது இதே திசையில்தான். பாய்மரக் கப்பலுக்குப் பருவக்காற்று வீசும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டீசல் நீர்மூழ்கிக்குக் காற்றுக்காக மேலே வர வேண்டியிருக்கிறது. இதற்கு எந்தக் காற்றும் தேவையில்லை. சீனா, வளைகுடா நாடுகள், ஐரோப்பா என்று யாருடைய சரக்குக் கப்பலானாலும் இந்தியப் பெருங்கடலின் சில குறுகிய வாசல்களைக் கடந்துதான் ஆகவேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு நாள் கணக்கின் மதிப்பு தெரியும். 2014-ல் சீனக் கடற்படையின் நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றபோது டெல்லி பதறியதும் இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான்.

ஒரே ஒரு கப்பல் என்ன செய்துவிட முடியும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1982 மே 2. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிக்கொண்டிருந்தன. ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினாவின் போர்க்கப்பலை, பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கியான காங்கரர் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து வந்தது. மூன்று டார்பிடோக்களைச் செலுத்தியது, இரண்டு பாய்ந்தன. 323 பேர் இறந்தார்கள். போரில் அணுசக்தி நீர்மூழ்கி ஒரு கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால், காங்கரரில் நவீன டார்பிடோக்களும் இருந்தன. கேப்டன் தேர்ந்தெடுத்தது இரண்டாம் உலகப் போர் காலத்துப் பழைய ரகத்தை. ஆயுதம் பழசானாலும் பரவாயில்லை, கிட்டே போகிறவரை யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அதன்பிறகு அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை. பெல்கிரானோ, பிரிட்டன் அறிவித்திருந்த தடைப் பகுதிக்கு வெளியே இருந்தது, அதை அடித்தது சரியா என்ற சண்டை பிரிட்டனுக்குள்ளேயே பல வருஷம் நடந்தது.

நிறுத்த முடியாத எஞ்சின்

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஒளி கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும். ரேடார் வேலைக்கு ஆகாது. ஆனால் ஒலி? காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகும், அதுவும் வெகுதூரம். ஆகவே அடியில் கண் கிடையாது, காது மட்டும்தான். யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் பிழைப்பார்கள்.

இங்கேதான் அணுசக்தியின் பலவீனம். டீசல் நீர்மூழ்கி பேட்டரிக்கு மாறிவிட்டால் கிட்டத்தட்ட மௌனம். அணு உலையை அப்படி நினைத்த நேரத்தில் அணைத்துவிட முடியாது. அணைத்தாலும் உள்ளே வெப்பம் இருந்துகொண்டே இருக்கும், தண்ணீர் சுற்றியபடி இருக்க வேண்டும். அதற்கு பம்ப் ஓட வேண்டும். பம்ப் ஓடினால் சத்தம். முடிவில்லாத மூச்சைக் கொடுத்த அதே பெட்டிதான் காட்டிக்கொடுக்கவும் பார்க்கிறது.

இதை அடக்க என்னென்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டில் கிரைண்டர் ஓடும்போது தரை அதிர்கிறது என்று அடியில் ரப்பர் ஷீட் போடுகிறோம் இல்லையா, அதே யோசனைதான் பிரம்மாண்டமாக. டர்பைன், ஜெனரேட்டர், பம்ப் எல்லாவற்றையும் ஒரே பெரிய மேடையில் ஏற்றி, அந்த மேடையை ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கவிடுகிறார்கள். எந்திரத்தின் நடுக்கம் கப்பலின் உடம்புக்குப் போகாது. மெதுவாகப் போகும்போது பம்ப்பே இல்லாமல், சூடான தண்ணீர் மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் இயல்பிலேயே உலையைக் குளிரவைக்கும் வடிவங்களும் உண்டு. சுஃப்ரனின் உலை அப்படி. வெளி உடம்பு முழுக்க தடித்த ரப்பர் ஓடுகள் பதித்திருக்கும். உள்ளே இருந்து கசியும் சத்தத்தையும், எதிரியின் சோனார் அனுப்பும் ஒலியையும் அவை விழுங்கிவிடும்.

பெரிய துரோகி விசிறிதான், அதாவது ப்ரொப்பெல்லர். வேகமாகச் சுற்றினால் இறக்கையின் நுனியில் அழுத்தம் சரிந்து குமிழிகள் உண்டாகும். அவை வெடிக்கும் சத்தம் பல மைல் தூரம் கேட்கும். அதனால் இறக்கைகளை அரிவாள் போல வளைத்து, ஏழு இறக்கை வைத்து, மெதுவாகச் சுற்ற வைத்தார்கள். புதிய கப்பல்களில் விசிறியே வெளியே தெரியாது. ஒரு கூண்டுக்குள் சுற்றும் பம்ப்-ஜெட் வந்துவிட்டது.

அந்த இறக்கையை இழைப்பது எவ்வளவு பெரிய ரகசியம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. சோவியத் நீர்மூழ்கிகள் ஒரு காலத்தில் அமெரிக்கர்களிடம் சுலபமாக மாட்டும். ஏன் மாட்டுகிறோம் என்று மாஸ்கோவுக்குத் தெரிய வந்ததில், ஜான் வாக்கர் என்ற அமெரிக்கக் கடற்படைக்காரருக்குப் பங்கு உண்டு. 1985-ல் கைதாகும்வரை சுமார் 17 வருஷம் ரகசியங்களை விற்றவர். காரணம் தெரிந்ததும் சோவியத்துக்கு வேண்டியிருந்தது, பெரிய விசிறிகளைத் துல்லியமாக இழைக்கும் எந்திரங்கள். ஜப்பானின் தோஷிபா குழும நிறுவனம் ஒன்று எந்திரங்களையும், நார்வேயின் காங்ஸ்பர்க் அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் ஏற்றுமதித் தடையை மீறி விற்றன. 1987-ல் விஷயம் வெடித்தபோது, அமெரிக்க எம்.பி.க்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். கேமராவுக்காகத்தான், ஆனாலும் கோபம் நிஜம். அந்தக் காலகட்டத்தில் வந்த அமைதியான சோவியத் ரகம் அகுலா. நம் ஐ.என்.எஸ். சக்ரா அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான்.

இதெல்லாம் தன் சத்தத்தை மறைக்க. அடுத்தவர் சத்தத்தைக் கேட்க, மூக்கில் பெரிய சோனார், பக்கவாட்டில் வரிசையாக ஒலிவாங்கிகள், பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு வால் மாதிரி இழுத்துப்போகும் கேபிள். 'பிங்' என்று ஒலி அனுப்பி எதிரொலி கேட்கவும் முடியும். ஆனால் அது இருட்டறையில் டார்ச் அடிக்கிற வேலை. நமக்கு எதிரி தெரிவதற்கு முன்னால் எதிரிக்கு நாம் தெரிவோம். ஆகவே பெரும்பாலும் கேட்பது மட்டும்தான்.

வங்காள விரிகுடா இதில் தனி ரகம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி என்று பெரிய நதிகள் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் தட்டாகப் படர்ந்து நிற்கும். சூடும் உப்பும் அடுக்கடுக்காக மாறும் இடத்தில் ஒலி நேராகப் போகாமல் வளையும். அந்த வளைவுக்குள் ஒலி எட்டாத நிழல் பகுதிகள் உருவாகும். எங்கே நிழல் என்று தெரிந்தவனுக்கு ஒளிய இடம் கிடைத்துவிடும். கடலைப் படிப்பதும் கப்பலைக் கட்டுவது போலவே பாதி வேலை.

பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சுற்றிப் பார்க்கும் சினிமாக் காட்சியும் மாறிவிட்டது. விர்ஜீனியாவில் மேலே போவது கேமரா, கீழே இருப்பது டி.வி. திரை. 2018-ல் சேர்ந்த யு.எஸ்.எஸ். கொலராடோவில் அந்தக் கேமராவைத் திருப்பக் கொடுத்திருப்பது எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் ரிமோட். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கவே வேண்டியதில்லையாம்.

பதில் சொல்ல முடியாத தந்தி

இவ்வளவு ஆழத்தில் இருப்பவனைக் கரையிலிருந்து எப்படிக் கூப்பிடுவது? செல்போன் சிக்னல் மாதிரியான சாதாரண ரேடியோ அலைகள் கடல்நீருக்குள் நுழையாது. மிக மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர்கள் இறங்கும். அந்த அலை ஒன்றின் நீளமே கிலோமீட்டர் கணக்கில் வரும். அதை அனுப்ப வானத்தைத் தொடும் கோபுரம் வேண்டும்.

அது இருப்பது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில். பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990 அக்டோபரில் அதைத் தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த, நம் டெல்டாக்காரர். 2014-ல் நிலையத்தை விரிவாக்கியபோது எழுந்த கோபுரங்களின் உயரம் 471 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஏழு தடவை அடுக்கினால்தான் அந்த உயரம் வரும்.

நீர்மூழ்கி ஒரு நீளமான கம்பியை மேல்நோக்கி மிதக்கவிட்டுச் செய்தியை வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த வழியில் பதில் அனுப்ப முடியாது. வேறு வழியில் அனுப்பினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆக, கரை பேசும், கடல் கேட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது என்ன மாதிரி வாழ்க்கை? பிரிட்டனின் ஏவுகணை நீர்மூழ்கிகளில் ஒரு நடைமுறை உண்டு. குடும்பத்தார் வாரம் ஒருமுறை 120 சொற்களுக்குள் செய்தி அனுப்பலாம். கணவனோ மகனோ பதில் போட முடியாது. வீட்டில் யாராவது இறந்துவிட்டால்? அந்தச் செய்தி பெரும்பாலும் கப்பல் கரைக்கு வரும்வரை தடுத்து வைக்கப்படும். சொல்லி என்ன பயன், திரும்பி வர முடியாதே என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கரையேறிய அன்றைக்கு அதைக் கேட்கிறவனுக்கு, காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

ஆபத்தும் சின்னதில்லை. 400 மீட்டர் ஆழத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் கடல் சுமார் 4 டன் எடையோடு அழுத்தும். 1963 ஏப்ரல் 10-ல் அமெரிக்காவின் த்ரெஷர் ஆழச் சோதனையின்போது 129 பேருடன் போய்ச்சேர்ந்தது. கடல்நீர்க் குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போய், அதனால் உலை நின்று, மேலே வரச் சக்தியில்லாமல் மூழ்கியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அதன்பிறகுதான் ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு வெல்டிங்குக்கும் கையெழுத்துடன் கணக்கு வைக்கும் கடுமையான முறை அங்கே வந்தது.

நம் சக்ராவின் கதையும் கொஞ்சம் கசப்பானது. இந்தியாவுக்கு வருவதற்கு முன், நெர்பா என்ற பெயரில் 2008 நவம்பர் 8-ல் ஜப்பான் கடலில் சோதனை ஓட்டம் நடந்தது. தீயணைப்புக் கருவி தீ இல்லாமலே இயங்கி, மூச்சை அடைக்கும் வாயுவை அறைக்குள் நிரப்பியது. 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கப்பல் கட்டும் தளத்தின் சாதாரண ஊழியர்கள். சுமார் 70 பேர் ஓட்டும் கப்பலில் அன்று சோதனைக்காக 200 பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். உலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அணு என்றால் கதிரியக்கம்தான் பயம் என்று நினைக்கிறோம். கொன்றது தீயணைப்பு வாயு.

வலையில் மாட்டியது மீன் இல்லை

சத்தமில்லாத கப்பலால் வரும் இன்னொரு ஆபத்தைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. நாகை, காரைக்கால், தரங்கம்பாடி மீனவர்களுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் அது. 1990 நவம்பர் 22 அதிகாலை, ஸ்காட்லாந்துக் கடலில் அன்டாரஸ் என்ற விசைப்படகு மீன்பிடித்துக்கொண்டிருந்தது. பயிற்சியில் இருந்த பிரிட்டனின் ட்ரென்சன்ட் என்ற அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கி அடியில் போனபோது படகின் வலையில் சிக்கியது. இழுத்த இழுப்பில் படகு கவிழ்ந்து நான்கு மீனவர்களும் இறந்தார்கள். நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்கு மேலே என்ன நடந்தது என்பது உடனே புரியவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, எந்தப் பகுதியில் நீர்மூழ்கிப் பயிற்சி நடக்கிறது என்று மீனவர்களுக்கு ரேடியோவில் அறிவிக்கும் ஏற்பாடு அங்கே பலப்படுத்தப்பட்டது.

நம் பக்கத்திலும் 2024 நவம்பர் 21 இரவு, கோவாவிலிருந்து 70 கடல் மைல் தள்ளி, 13 பேருடன் இருந்த ஒரு மீன்பிடிப் படகும் கடற்படையின் டீசல் நீர்மூழ்கி ஒன்றும் மோதிக்கொண்டன. 11 பேரைத்தான் உயிருடன் மீட்க முடிந்தது. அடியில் போகும் கப்பல்கள் கூடக்கூட, மேலே வலை போடுகிறவனுக்கும் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டும். ரேடியோ ஒலிபரப்பும், படகில் அதைக் கேட்கும் கருவியும் 40,000 கோடிக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லாத செலவு.

குத்தகைக் கப்பலில் கற்ற பாடம்

அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா: அணுசக்தி நீர்மூழ்கி ஓட்டுவது இந்த ஆறு நாடுகள்தான். இதில் சொந்தமாகக் கட்டிய தாக்குதல் ரகம் இல்லாத ஒரே நாடு இந்தியா. 1988-லிருந்து 1991 வரை சோவியத்திடம் வாங்கி ஓட்டிய முதல் சக்ரா. 2012 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் சேர்ந்து 2021-ல் திரும்பிப்போன இரண்டாவது சக்ரா. இரண்டுமே குத்தகை. மூன்றாவதற்கு 2019-ல் ஒப்பந்தம் போட்டும், 2025-ல் வரவேண்டிய கப்பல் தள்ளிக்கொண்டே போகிறது.

குத்தகையில் இன்னொரு சங்கடம், ஓட்டக் கற்றுக்கொள்ளலாம், கட்டக் கற்றுக்கொள்ள முடியாது. பெரிய உலை, நடுக்கத்தை விழுங்கும் மேடை, சத்தமில்லாத விசிறி, இவை எதையும் யாரும் விலைக்குத் தருவதில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் 2021-ல் ஆஸ்திரேலியாவுக்குத் தர ஒத்துக்கொண்டது உலகமே திரும்பிப் பார்த்த விதிவிலக்கு. இந்தியாவுக்கு 2036 வரை ஆகும் என்பதற்குக் காரணம் இதுதான். உலை என்னும் பாதிப் பாடம் கல்பாக்கத்தில் படித்தாகிவிட்டது. மௌனம் என்னும் மீதிப் பாதியை இனிமேல்தான் சொந்தமாகப் படிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சத்தமான கப்பலைக் கட்டினால், அது எதிரிக்குப் பயிற்சிப் பொருளாகத்தான் உதவும். அந்த வகையில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற பிறகான கணக்கையும் இப்போதே போட்டுவைப்பது நல்லது. பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான டிரெட்நாட் 1980-ல் ஓய்வு பெற்றது. எரிபொருளை எடுத்த பிறகும் உலைப் பகுதியில் கதிரியக்கம் மிச்சம் இருக்கும் என்பதால் அதைச் சாதாரணக் கப்பல் போல உடைத்து எடைக்குப் போட முடியாது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஸ்காட்லாந்தின் ரோசித் கப்பல் தளத்திலேயே மற்ற ஓய்வுபெற்ற கப்பல்களோடு கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறது, பராமரிப்புச் செலவு வருஷா வருஷம் தனி.

இப்போதைக்கு, சக்ராவில் பழகிய நம் மாலுமிகளுக்கு ஓட்ட ஒரு வேட்டைக் கப்பல் இல்லை. விஜயநாராயணத்துக் கோபுரம் அனுப்பும் செய்தியை அரிஹந்தும் டீசல் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.